ஃபெம்டோசெகண்ட் (நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) லேசர் ‘குளிர்’ வெட்டு, அதாவது சுற்றிலும் சூடாக்காமல் வெட்டும் என்கிறார்கள். பிறகு டைட்டானியம் ஏன் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறுகிறது?

பல்ஸ் (லேசரின் ஒரு ஒளித்துடிப்பு) விழும் கணத்துக்கு மட்டும்தான் அந்தக் ‘குளிர்’ பொருந்தும். 100 ஃபெம்டோ நொடியில் காற்று மூலக்கூறு நகர்வது சுமார் 0.05 நானோமீட்டர், அதன் விட்டத்தைவிடக் குறைவு. அதற்குள் ஆக்சிஜன் என்ன செய்துவிட முடியும்? ஆற்றலை எலக்ட்ரான்கள் வாங்கி, சில பிக்கோ நொடிகளில் அணுக்களுக்குக் கைமாற்றுகின்றன. உலோகம் பிய்ந்து கிளம்புகிறது. வேதிவினை அதற்குப் பிறகுதான்.

கிளம்பிய ஆவி முதலில் மூலக்கூறு தாங்காத அளவுக்குச் சூடாக இருக்கும். விரிந்து ஆறும்போது, காற்றோடு கலக்கும் ஓரங்களில் ஆக்சைடு உருவாகும். அலுமினியத்தில் இதை ஆவி உமிழும் ஒளியின் நிறமாலையிலேயே பார்க்கலாம்: தனி அணுக்களின் கோடுகள் மங்கியபின் 484 நானோமீட்டர் அருகே அலுமினியம் மோனாக்சைடின் பட்டை எழும். இப்படி உருவான ஆக்சைடு தூளாகிப் பள்ளத்தைச் சுற்றிப் படியும். ஐசோபுரப்பனால் என்ற ஆல்கஹாலில் போட்டு அல்ட்ராசோனிக் அதிர்வில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

போகாத நிறம் பரப்பிலேயே வளர்ந்த ஆக்சைடு படலம். காற்றில் வெற்று உலோகத்தின்மேல் ஓர் அடுக்கு ஆக்சிஜன் மோத ஏறக்குறைய 20 நானோ நொடி போதும். 200 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 2 லட்சம் பல்ஸ்) இரு பல்ஸுக்கு இடையே 5 மைக்ரோ நொடி இருக்கிறது, தாராளம். மிச்ச வெப்பமும் சேர்ந்துகொண்டால் படலம் தடிக்கும். 30 மைக்ரான் புள்ளியை நொடிக்கு 100 மில்லிமீட்டரில் ஓட்டினால் ஒரே இடத்தில் 60 பல்ஸ். நொடிக்கு 1 மீட்டரில் ஓட்டினால் 6. ஆகவே முதலில் வேகத்தைக் கூட்டுங்கள், பல சுற்று ஓட்டுங்கள்.

ஆக்சிஜனை விலக்க, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவைத் திறந்த குழாயில் ஊதிவிட்டு ‘பலனில்லை’ என்பவர்கள் அதிகம். ஊதும் வாயு பக்கத்துக் காற்றையும் இழுத்து வரும். 1 சதவீத ஆக்சிஜன் கலந்தாலே ஓர் அடுக்குக்கு அரை மைக்ரோ நொடிக்கும் குறைவாகத்தான் ஆகும். மூடிய அறை வேண்டும்: வெற்றிடமாக்கி, ஆர்கான் நிரப்பி, மறுபடி வெற்றிடமாக்கி நிரப்புங்கள். மலிவு என்று நைட்ரஜனுக்குப் போகாதீர்கள், சூடான டைட்டானியம் அதோடும் சேர்ந்து நைட்ரைடு ஆகும்.

இதற்கெல்லாம் முன் துண்டைச் சாய்த்துப் பாருங்கள். வானவில்போல் நிறம் ஓடினால் அது லேசர் வரைந்த நுண் அலைவரிகளில் ஏற்படும் ஒளியின் விளிம்பு விளைவாக (diffraction) இருக்கலாம். ஆர்கான் அதைத் தீர்க்காது. சந்தேகம் தீர பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் (XPS) ஆழவாரியாக அளக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆர்கானில் சேர்ந்த டைட்டானியத் தூள் முழுதாக ஆக்சைடு ஆகியிருக்காது. அறையையோ ஃபில்டரையோ சட்டென்று திறந்தால் தீப்பிடிக்கக்கூடும். காற்றை மெல்ல மெல்ல விடுங்கள்.