டிரைவ் மோடு குமிழ் எதைத் தொடுகிறது, எதைத் தொடுவதில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்போர்ட் மோடுக்கு மாற்றியதும் கார் பாய்கிறது. எஞ்சினின் ஆற்றல் உண்மையிலேயே கூடுகிறதா?

பதில்: பெரும்பாலான கார்களில் கூடுவதில்லை. நார்மல், ஸ்போர்ட் போன்ற டிரைவ் மோடுகள், கார் ஓட்டுநருக்கு எப்படி இணங்க வேண்டும் என்ற கணினி அமைப்பையே மாற்றுகின்றன. இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் கிடையாது. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்ல, எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வான திராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. நார்மல் மோடில் மிதியைக் கால் பங்கு அழுத்தினால் கிடைப்பதைவிட, அதே அழுத்தத்துக்கு ஸ்போர்ட் மோடில் கூடுதல் இழுவை கிடைக்கும்படி அந்தக் கணக்கை மாற்றிவைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அடுத்த கியருக்குப் போவதைத் தள்ளிப்போட்டு எஞ்சினை உயர்ந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) வைத்திருப்பதால், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் சுணக்கமும் குறைகிறது. மிதியைத் தரைவரை அழுத்தினால், இரு மோடுகளுக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஹூண்டாய் ஐயானிக் 5 என் என்ற மின்சார காரில், ஸ்டீயரிங்கில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் 609 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) ஆற்றல் 10 விநாடிகளுக்கு 650 பிஎஸ் ஆக உயர்கிறது. ஆனால் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ஸ்போர்ட் மோடின் கூர்மையான ஆக்சிலரேட்டரால் கிடைப்பது வேகமல்ல, வெட்டி வெட்டி ஓடும் கார்தான்.

கேள்வி: எங்கள் காரில் ஸ்போர்ட் மோடு போட்டாலும் சஸ்பென்ஷனில் மாற்றமே தெரியவில்லை. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் காரில் கணினி கட்டுப்படுத்தும் டாம்பர்கள், அதாவது ஷாக் அப்சார்பர்கள், இல்லை என்றே தோன்றுகிறது. சாதாரண ஷாக் அப்சார்பர் பொருத்திய கார்களில் மோடு மாற்றுவது எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றோடு நின்றுவிடும். விற்பனைக் கையேட்டில் இது தெளிவாக எழுதப்படுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

அத்தகைய டாம்பர்கள் உள்ள கார்களில்கூட, காரின் எடையைத் தாங்கும் சுருள்வில் மாறுவதில்லை. அந்த வில் எவ்வளவு விரைவாக அமுங்கி விரிய அனுமதிப்பது என்பதைத்தான் டாம்பர் கட்டுப்படுத்துகிறது. சிலவற்றில் உள்ளே எண்ணெய் பாயும் வழியை மின்வால்வு சுருக்குகிறது. வேறு சிலவற்றில் எண்ணெயிலேயே நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டானதும் அந்த எண்ணெய் சில மில்லி விநாடிகளில் கெட்டிப்படும். 2002-இல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதன்முதலாக வந்த முறை இது.

கெட்டியான டாம்பர்தான் வேகத்துக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். வழவழப்பான பந்தயத் தடத்தில் அது சரி. மேடுபள்ளமான சாலையிலோ டயர் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளிய டயரால் திருப்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் இதற்கு நல்ல பாடம். 2015-ஆம் ஆண்டு மாடலில் காரை இறுக்கும் ‘பிளஸ் ஆர்’ பொத்தான் மட்டுமே இருந்தது; 2017-இல் கம்ஃபர்ட் மோடு சேர்ந்தது; 2022-இல் வந்த மாடலில் எஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகியவற்றைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளும் இண்டிவிஜுவல் மோடும் வந்தது. உங்கள் காரில் அது இருந்தால், எஞ்சினை ஸ்போர்ட்டிலும் டாம்பரை மென்மையிலும் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்போர்ட் மோடில் ஸ்டீயரிங் கனக்கிறது. அதனால் கட்டுப்பாடு கூடுமா?

பதில்: கூடாது. மின்மோட்டார் தரும் உதவி குறைகிறது, அவ்வளவே. சாலையின் உணர்வு கைக்கு வருவது வேறு, கை வலிப்பது வேறு.

கேள்வி: நான்கு சக்கரங்களும் இயங்கும் காரில் மோடு மாற்றினால் என்ன நடக்கும்?

பதில்: காரின் குணமே மாறுவதை இங்கேதான் காணலாம். 2020-இல் வெளிவந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் காரின் முதல் வடிவத்தில், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) நார்மலில் 60:40 என்றும், ஸ்போர்ட்டில் 30:70 என்றும், டிராக்கில் 50:50 என்றும் பகிரப்படுகிறது. பின்சக்கரங்களை இணைக்கும் பல தட்டு கிளட்சை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கணினி முடிவுசெய்கிறது. ஸ்போர்ட்டில் முன்டயர்களுக்கு இழுக்கும் சுமை குறைவதால் அவற்றின் பிடிமானம் திருப்பும் வேலைக்கு மிஞ்சுகிறது. கார் வளைவுக்குள் ஆவலோடு மூக்கை நுழைக்கும். டிராக் மோடுதான் மிக முரட்டுத்தனமானதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு 50:50 ஏமாற்றமாகப் படலாம். ஆனால் வளைவிலிருந்து வீணின்றி வெளியேற அந்தச் சமநிலையே உதவுகிறது.

கேள்வி: மழையில் எந்த மோடு?

பதில்: நார்மல், வெட் மோடு இருந்தால் அதுவே. ஸ்போர்ட் மோடில் ஆக்சிலரேட்டர் கூர்மையாவதோடு, பல கார்களில் ஈஎஸ்சி என்னும் சறுக்கல் தடுப்பு அமைப்பும் சற்றுத் தாமதமாகவே தலையிடும். ஈரத் தரையில் இவ்விரண்டும் ஒன்றுசேர்வது ஆபத்து. 2004-இல் அறிமுகமான ஃபெராரி எஃப்430-இன் ஸ்டீயரிங் குமிழில் ரேஸ் அமைப்போடு, வழுக்கும் தரைக்கும் பனிக்கட்டிக்கும் தனித்தனி நிலைகள் இருந்ததை மறக்க வேண்டாம். 992 தலைமுறை போர்ஷே 911-இல் முன்சக்கர வளைவுகளில் உள்ள ஒலி சென்சார்கள், டயர் வாரியடிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டு ஓட்டுநரை எச்சரிக்கின்றன. ஆயினும் வெட் மோடுக்கு மாற்றும் பொறுப்பை ஓட்டுநரிடமே விட்டிருக்கிறார்கள். தேய்ந்த டயருக்கு எந்த மோடும் பிடிமானம் தராது.

கேள்வி: ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் நார்மலுக்கே திரும்பிவிடுகிறதே?

பதில்: எரிபொருள், புகைச் சோதனை விதிகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்கு 2017 முதல் நடைமுறையில் உள்ள டபிள்யூஎல்டிபி என்னும் எரிபொருள், புகைச் சோதனை முறையில், எப்போது ஸ்டார்ட் செய்தாலும் தானாக வரும் மோடையே முதன்மை மோடாகக் கொண்டு சோதிக்க முடியும். அப்படி ஒரு மோடு இல்லையென்றால், கரியமில வாயு அளவுக்குச் சிறந்த மோடு, மோசமான மோடு இரண்டின் சராசரியையே எடுக்க வேண்டியிருக்கும். எந்தத் தயாரிப்பாளர் அதை விரும்புவார்?

கேள்வி: ஸ்போர்ட் மோடில் கேட்கும் உறுமல் உண்மையானதா?

பதில்: எக்ஸாஸ்ட் குழாயிலுள்ள மடல் திறப்பதால் வருவது உண்மை, ஸ்பீக்கர் வழியே வருவது கூட்டிச் சேர்த்தது. பல கார்களில் இரண்டும் கலந்திருக்கும். முன்னே சொன்ன ஐயானிக் 5 என் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத எஞ்சினின் ஒலியையும், இல்லாத எட்டு கியர்கள் மாறும்போது ஏற்படும் உதறலையும் நடித்துக்காட்டுகிறது. நான் முதலில் சிரித்தேன். மீட்டரைப் பார்க்காமலே வேகத்தைக் காதால் கணிக்க அது உதவும் என்பது பிறகே புரிந்தது.