ஒரே ஆல்பம், பத்துப் பதிப்பு: எதை வாங்குவது, எந்தப் பெட்டியை விடுவது?

கேள்வி: பல வருடங்களாக ஸ்ட்ரீமிங்கில்தான் ஜாஸும் பழைய ராக்கும் கேட்டு வருகிறேன். பிடித்ததைச் சொந்தமாக வாங்கிச் சேர்க்க ஆசை வந்திருக்கிறது. ஆனால் தேடினால் ஒரே ஆல்பம் ரீமாஸ்டர், மோனோ, ஆண்டு நிறைவுப் பதிப்பு, ‘முழுமையான’ பாக்ஸ் செட் என்று பத்து விதமாக வந்து நிற்கிறது. பாக்ஸ் செட் வாங்கலாமா? எல்பி நல்லதா, சிடி நல்லதா? பழைய சரக்கு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பாக்ஸ் செட்டில் தொடங்காதீர்கள். கொஞ்ச காலம் தனி ஆல்பங்களாக வாங்குங்கள். ஆல்பத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், எந்தப் பதிவு நாடாவிலிருந்து எடுத்தது, யார் மாஸ்டரிங் (வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது) செய்தது, எந்த வருடத்துப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள். சேகரிப்பவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த மூன்றையும் விசாரிக்காமல் விடுவதால்தான்.

நாடா ஏன் அவ்வளவு முக்கியம்? ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வையே எடுத்துக்கொள்வோம். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில், நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பதிவான ஆல்பம் அது. மார்ச் 2 அன்று முதன்மை நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அப்படிப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமெடுக்கும், சுருதி ஏறும். அதனால் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் முப்பது வருடங்களுக்கு மேல் சுருதி சற்றுத் தூக்கலாகவே ஒலித்தன. சும்மா கேட்டால் தெரியாது. வாத்தியத்தை எடுத்துக் கூடவே வாசித்துப் பார்த்தால் ஒட்டாது. காப்புக்காக அதே நேரம் இன்னொரு இயந்திரத்தில் ஓடிய நாடா சரியான வேகத்தில் இருந்தது. 1992-ல் அதிலிருந்து எடுத்துத் திருத்தினார்கள். பழைய பதிப்புதான் சரித்திரம் என்று அதைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. எனக்குத் திருத்திய பதிப்புதான். அன்று அந்த அறையில் அவர்கள் வாசித்த சுருதி அதில்தான் இருக்கிறது.

அடுத்து, ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஏற்கெனவே கலந்து முடித்த ஒலியை எடுத்து அதன் அளவையும் தொனியையும் சரிசெய்வது ரீமாஸ்டர். குரல், கிதார், டிரம்ஸ் என்று தனித்தனித் தடங்களில் இருப்பதைத் திரும்பவும் புதிதாகக் கலப்பது ரீமிக்ஸ். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் ஆல்பங்களுக்கு ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸ்களும், பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு 2017-ல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்ததும் மதிப்பான வேலைகள். ஆனாலும் ரீமிக்ஸ் உங்கள் இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். மூலக் கலவை காதில் பதியாமல் புதியதை மட்டும் கேட்டால், எது மாறியது என்றே தெரியாமல் போகும்.

ரீமாஸ்டரிலும் எச்சரிக்கை வேண்டும். 1990-களின் நடுவிலிருந்து, பக்கத்து ஆல்பத்தைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில் பல பழைய ஆல்பங்களை நசுக்கிவிட்டார்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி குறைந்துபோனால் டிரம்ஸ் அடி விழும் அந்த அதிர்வு போய்விடும். அரை மணியில் காது சோர்ந்துவிடும். இந்தச் சத்தப் போட்டியின் உச்சம், ரீமிக்ஸ்தான் என்றாலும், ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் ‘ரா பவர்’. 1973-ல் டேவிட் போவி கலந்த மூலத்தை மாற்றி 1997-ல் குழுவின் பாடகர் இக்கி பாப்பே மறுபடி கலந்தார். வேண்டுமென்றே எல்லையைத் தாண்டிய சத்தம். போவியின் கலவை 2010 பதிப்பில் திரும்ப வந்தது. இரண்டையும் ஒப்பிடும்போது சத்தமான பிரதியின் ஒலியைக் குறைத்து, இரண்டும் ஒரே அளவுக்கு வந்த பிறகு கேளுங்கள். இதைச் செய்யாவிட்டால் சத்தமானதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். 1980-களின் பிற்பகுதியில் வந்த சாதாரண ராக் சிடிக்களை யாரும் சீந்துவதில்லை. அவற்றில் பல இன்றைய ‘டீலக்ஸ்’ பதிப்பைவிட மூச்சுவிட்டு ஒலிக்கின்றன. முதலில் அவற்றைத் தேடிப் பாருங்கள்.

மோனோவைப் பற்றிச் சுருக்கமாக. இடது, வலது என்று பிரியாமல் எல்லா ஒலியும் ஒன்றாக வருவது மோனோ, பிரிந்து வருவது ஸ்டீரியோ. 1960-களின் நடுவரை ராக் குழுக்கள் அக்கறையோடு கலந்தது பெரும்பாலும் மோனோவைத்தான். ‘சார்ஜென்ட் பெப்பர்’ மோனோவில் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு ஸ்டீரியோவைவிட வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும். ஒரே பாட்டுக்கு இரண்டு முகம். 2014-ல் வந்த பீட்டில்ஸ் மோனோ எல்பி பெட்டி அனலாக் முதன்மை நாடாக்களிலிருந்தே வெட்டப்பட்டது (எல்பிக்கான பள்ளத்தைக் கீறுவதைத்தான் வெட்டுவது என்பார்கள்). கையில் கிடைத்தால் விடாதீர்கள். மோனோவில் பதிவானதைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியதாக அட்டையில் போட்டிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

எல்பியா சிடியா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. தனி ஆல்பத்துக்கு எல்பி, பல மணி நேரப் பதிவு அமர்வுகளுக்கு சிடி என்று வைத்துக்கொண்டால் போதும். எல்பியில் பார்க்க வேண்டியது 180 கிராம் எடை அல்ல. எடைக்கும் ஒலித்தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். வெட்டியவரின் அடையாளம் அங்கேதான் இருக்கும். ‘லெட் செப்பலின் 2’ 1969-ல் வந்தபோது பாப் லட்விக் வெட்டிய பிரதிகளில் ‘ஆர்எல்’ என்று கீறியிருக்கும். அந்த வெட்டின் வீச்சைத் தாங்காமல் மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியதால், அடக்கி வெட்டிய வேறொன்றை வெளியிட்டார்கள். முதல் வெட்டுக்கு இன்றும் அடிதடி. ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் பழைய தட்டுகளில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரையும், காது போன்ற ஒரு சின்னக் குறியும் இருக்கும். அந்தக் குறி தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையுடையது. ப்ளூ நோட் கைமாறிய பிறகு, 1966-ல் அதுவும் நின்றுபோனது. அவ்வளவு செலவழிக்க வேண்டாம் என்றால், ப்ளூ நோட்டே 2019-ல் தொடங்கிய டோன் போயட் மறுவெளியீட்டு வரிசையில் கெவின் கிரே மூல நாடாக்களிலிருந்து வெட்டியவை இருக்கின்றன. என் காதுக்குத் தேய்ந்துபோன முதல் பதிப்பைவிட அவை எவ்வளவோ மேல்.

‘முழுக்க அனலாக்’, அதாவது எங்குமே டிஜிட்டல் இல்லை, என்ற வாசகத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அப்படி நம்பி வாங்கப்பட்ட மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுவெளியீட்டுக் கம்பெனியின் பல எல்பிக்களில், ஒலியை டிஜிட்டலாக மாற்றும் கட்டம் ஒன்று இடையில் இருந்தது 2022-ல் வெளிவந்தது. வழக்கு வரை போனது. அதே எல்பிக்களைத்தான் அதுவரை எல்லோரும் வாயாரப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல நாடாவும் தேர்ந்த கையும் இருந்தால் நடுவில் டிஜிட்டல் வந்தாலும் இசை கெட்டுவிடாது.

இனி பெட்டிகள். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பது ஒரு நிகழ்ச்சியா, மிச்சம் மீதியா?

நிகழ்ச்சி என்றால் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் விடுதியில் வாசித்த பெட்டி. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை; மதியமும் இரவுமாக ஐந்து செட் வாசித்தார்கள். அதிலிருந்து பொறுக்கித் தொகுத்த இரண்டு ஆல்பங்களும் புகழ்பெற்றவை. ஆனால் 2005-ல் மூன்று சிடியாக வந்த பெட்டியில் அந்த நாள் வாசித்த வரிசையிலேயே ஓடுகிறது. முதல் உருப்படியின் நடுவில் பதிவு அறுபட்டுப் போவதைக்கூட வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தம், மேஜைகளில் பேச்சு, அதற்கு நடுவே ஸ்காட் லஃபாரோவின் பாஸ், பியானோவுக்குத் துணையாக நில்லாமல் எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே போகிறது. பதினொரு நாள் கழித்து கார் விபத்தில் அவர் இறந்துபோனார், வயது 25. அந்த மூன்று சிடியையும் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். நீங்கள் முதல் பெட்டியாக எதை வாங்குவது என்றால், இதைத்தான் சொல்வேன்.

பாப் டிலனின் ‘தி கட்டிங் எட்ஜ்’ இன்னொரு மாதிரி. 1965, 66-ல் ஸ்டுடியோவில் நடந்தது 2015-ல் இரண்டு, ஆறு, பதினெட்டு சிடி என்று மூன்று அளவுகளில் வந்தது. ஆறு சிடி பெட்டியில் ஒரு சிடி முழுக்க ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ மட்டுமே. முதல் நாள் அந்தப் பாட்டு மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் தட்டுத் தடுமாறுகிறது. மறுநாள், ஜூன் 16, நாலாவது டேக்கில் (ஒவ்வொரு பதிவு முயற்சியும் ஒரு டேக்) திடீரென்று எல்லாம் கூடி வருகிறது; உலகம் கேட்டது அதைத்தான். அதற்கப்புறமும் திரும்பத் திரும்ப முயல்கிறார்கள், அது மறுபடி வாய்க்கவே இல்லை. ஒரு பாட்டு உருவாவதை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க வேறு வழி கிடையாது. ஆறு சிடி போதும். பதினெட்டு, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பெட்டி இதற்கு நேர்மாறு. ஆல்பத்தில் உள்ளதைத் தவிர முழுதாக வாசித்த இன்னொரு டேக் ‘ஃபிளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ ஒன்றுக்குத்தான் இருக்கிறது. ஆக, 2008-ல் வந்த பெட்டியின் எடையைக் கூட்டியவை நீல நிற எல்பி, டிவிடி, புத்தகம் போன்றவைதான். அழகாக இருக்கும். ஆனால் ஆல்பத்தை மட்டும் வாங்கியவர் அதிகம் இழக்கவில்லை.

மிச்சம் மீதிப் பெட்டிகள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவின் உரிமைக்காலம் 50 வருடமாக இருந்தது. 2011-ல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் ஐம்பது வருடத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. அதனால் கம்பெனிகள் பெட்டகத்தில் கிடந்ததை எல்லாம் அவசரமாக வெளியிட்டன. டிலனுக்கு 2012-ல் வந்த தொகுப்பின் பெயரிலேயே ‘காப்புரிமை நீட்டிப்பு’ என்று இருக்கிறது. அதே சட்டத்தின் மறுபக்கம்: 1962 வரை வெளியானவை அங்கே பொதுச்சொத்தாகிவிட்டன. ‘எட்டு கிளாசிக் ஆல்பங்கள்’ என்று மலிவாக வரும் ஜாஸ் பெட்டிகள் அந்த வழியில் வருபவை. மூல நாடா அவற்றை வெளியிடுகிறவர்களிடம் இருக்காது. பழைய சிடியிலிருந்தோ எல்பியிலிருந்தோ எடுத்திருப்பார்கள். யார் எப்போது வாசித்தார்கள் என்ற விவரமும் பல சமயம் அரைகுறை. புதிய கலைஞரை அறிமுகம் செய்துகொள்ள அவை உதவும். சேகரிப்பின் அடித்தளமாக வேண்டாம்.

ஜாஸ் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மொசைக் ரெக்கார்ட்ஸைப் பாருங்கள். மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கியது. ப்ளூ நோட்டின் பெட்டகத்தைக் கஸ்குனா துருவித் துருவிப் பார்த்ததில் பிறந்தது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் ப்ளூ நோட் பதிவுகளில் ஆரம்பித்து, ஒவ்வொரு பெட்டியிலும் அமர்வு வாரியாகத் தேதி, கலைஞர்கள், நீண்ட கட்டுரை, புகைப்படங்கள். இத்தனை பிரதிகள் என்று உரிமம் வாங்கி அச்சிடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவர்கள் சொல்லும் ‘குறைந்த பிரதிகள்’ உண்மை.

எல்லோரும் சொல்வது அப்படி அல்ல. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘யூரோப் 72’ முழுப் பதிவுகள் 22 கச்சேரி, 73 சிடி. 2011-ல் பயணப்பெட்டி வடிவில் 7,200 பிரதி. அது விற்றுத் தீர்ந்ததும், பெட்டி இல்லாமல் இசை மட்டும் தனியாக வந்தது. வரம்பு இசைக்கா, அட்டைக்கா என்று பார்த்துவிட்டு அவசரப்படுங்கள்.

பழைய எல்பி வாங்கும்போது விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கீறல் பெரும்பாலும் ஒலிக்காது, தட்டுப்படுவது ஒலிக்கும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் பல முறை ஓடிய தட்டு. ஓட்டிக் கேட்க முடிந்தால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள். பக்கத்தின் கடைசி உருப்படியில் டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கேளுங்கள். பள்ளம் தேய்ந்திருந்தால் அங்கேதான் கரகரக்கும், கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும் தட்டிலும்கூட. டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தையில் வாங்கினால், விற்பவர் ஓட்டிப் பார்த்துத் தரம் போட்டாரா, கண்ணால் பார்த்து மட்டும் போட்டாரா என்று கேட்டுவிடுங்கள்.

சிடி என்றால் ஒளிக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ சிடி ஆலையில் 1988-93 காலத்தில் செய்தவற்றில் ஓரத்திலிருந்து வெண்கல நிறம் படர்வதுண்டு. அவற்றில் பல ஓடாது. பழைய இரட்டை சிடி டப்பாக்களில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு இருக்கும், பார்த்தவுடன் எடுத்து எறியுங்கள். காலப்போக்கில் அது உருகி சிடியில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, எண்ணிப் பார்ப்பது. ஒரே சிடி இரண்டு முறை வந்து இன்னொன்று விடுபட்டிருப்பது நடக்கிற விஷயம், திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். இறுக்கமான அட்டைப் பையிலிருந்து சிடியை உருவும் ஒவ்வொரு முறையும் கீறல் விழும். தனியாக மெல்லிய பாலி உறையில் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். எல்பிக்கு பிவிசி உறை வேண்டாம், அது தட்டின் மேல் மங்கலாகப் படியும், பாலிப்ரொப்பிலீன் நல்லது. செங்குத்தாக நிறுத்துங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கனமான பெட்டிகள் கீழ்த்தட்டில். அலமாரியில் வைப்பதற்கு முன் எல்லா சிடியையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் ஃபிளாக் (தரம் குறையாத ஒலிக்கோப்பு) கோப்பாக எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு அது ஒப்பிட்டுச் சொல்லும். ஒத்துப்போகாத சிடி எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.