டின்னில் 1792 என்று போட்டிருந்தால்? பைப் புகையிலை: கேள்வி-பதில்

கேள்வி: லண்டன் கடையொன்றில் சாமுவேல் காவித் நிறுவனத்தின் '1792 ஃப்ளேக்' (அழுத்திப் பட்டை பட்டையாக நறுக்கிய பைப் புகையிலை) பார்த்தேன். 230 ஆண்டுப் பழைய கலவை என்று நம்பி வாங்கலாமா?

பதில்: 1792 நிறுவனத்தின் வயது, கலவையின் வயதல்ல. தாமஸ் ஹாரிசன் மூக்குப்பொடி அரைக்கும் இயந்திரத்தை ஸ்காட்லாந்திலிருந்து வட இங்கிலாந்தின் கெண்டல் ஊருக்குக் கொண்டுவந்த ஆண்டு அது. தொழில் பின்னர் காவித் குடும்பத்துக்குப் போனது. குடும்பம் பிரிந்ததில் காவித் ஹாகர்த் என்ற இன்னொரு நிறுவனம் அதே ஊரில் முளைத்தது. 2015இல் இரண்டும் மறுபடி ஒன்றாயின.

பழைய பெயரெல்லாம் பழைய பட்டறையிலிருந்து வருவதில்லை. ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் லண்டனில் கடை திறந்தார். அவர் பெயரிலான கலவைகள் பிற்காலத்தில் டென்மார்க்கில் தயாராயின. இப்போது பீட்டர்சன் என்ற வேறு நிறுவனப் பெயரில் விற்பனையாகின்றன. 'அசல் டன்ஹில்' என்று பல மடங்கு விலை சொன்னால், அந்த டின் எந்த நாட்டில் அடைத்தது என்று அடிப்பக்கம் பாருங்கள்.

1792 ஃப்ளேக் கறுத்த, காட்டமான இலை. டோங்கா விதை வாசம் சேர்த்தது. வெறும் வயிற்றில் தலை சுற்றும். அந்த வாசம் பிரையர் மரப் பைப்பில் ஊறிவிட்டால் லேசில் போகாது, அதற்கென்று மக்காச்சோளத் தக்கைப் பைப் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். வாசம் சேராத விர்ஜினியா வகை இலை போதுமென்றால் அதே நிறுவனத்தின் ஃபுல் விர்ஜினியா ஃப்ளேக் இருக்கிறது.

கேள்வி: ஃப்ளேக் பற்றவே மாட்டேன் என்கிறது. நாக்கும் எரிகிறது. சரக்கு மட்டமா?

பதில்: ஈரம்தான். கெண்டல் ஃப்ளேக்குகள் டின்னிலிருந்து நன்றாக ஈரமாகவே வரும். ஈர இலை அணைந்து அணைந்து போகும். நீங்கள் பலமாக இழுப்பீர்கள், நீராவி நாக்கைச் சுடும், பைப்பின் அடியில் நீர் கட்டிக் களகளக்கும். ஒரு தடவைக்கு வேண்டிய இரண்டு பட்டைகளை மட்டும் தாளில் விரித்து ஒரு மணி நேரம் வையுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக. வளைத்தால் ஒடியக்கூடாது, கிள்ளினால் விரலில் ஒட்டவும் கூடாது. அதுதான் பதம். மொடமொடவென்று காய்ந்துவிட்டால் புகை சூடேறும், ருசி போய்விடும்.

உதிர்த்து நிரப்புவது புதியவர்களுக்குச் சுலபம்: அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் அழுத்தி. முதல் தீயில் இலை உப்பி எழும். மெல்ல அமுக்கி மறுபடி பற்றவையுங்கள். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து குறையாமல் இருக்கிறது, 'பைப் பாதுகாப்பானது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: பழைய டின்னில் வெள்ளைப் புள்ளிகள். திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுத்தால் நாள்பட்ட இலையில் படியும் படிகம், பயமில்லை. பஞ்சுபோல் படர்ந்து, ஈரச்சுவர் நாற்றம் அடித்தால் பூஞ்சை. ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் முழு டின்னையும் கொட்டிவிடுங்கள். கடையில் கேட்பதானால் கொட்டுமுன் படம் எடுத்து, ரசீதோடு போங்கள். திறந்த சரக்கு டின்னில் தங்காது, ரப்பர் வளையமுள்ள கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கு ஒரே ஒரு டின் கொண்டுபோகலாமா?

பதில்: அங்கே புகையிலைக்கு வரிச்சலுகை கிடையாது. ஒரு டின்னானாலும் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டவேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.