ஆட்டோபைலட் நெளிகிறது: சர்வோவா, காந்தமானியா?

கேள்வி: நானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் ஆட்டோபைலட்டை ஹெடிங் நிலையில் (குறித்த திசையை நோக்கியே பறக்கும் நிலை) விட்டால், இடமும் வலமுமாக 8 பாகை வரை நெளிந்துகொண்டே போகிறது. லேண்டிங் விளக்கைப் போட்டதும் திரையில் திசை 15 பாகை விலகுகிறது. இறக்கை நுனியில் உள்ள, திசையை அளக்கும் காந்தமானியை மூன்று முறை கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்) செய்தும் பயனில்லை. ஆட்டோபைலட்டின் கட்டளைப்படி விமானத்தைத் திருப்பும் மோட்டாரான சர்வோவை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்குச் சர்வோவைத் தொட வேண்டாம். காற்று அமைதியாக உள்ள நாளில், போதிய உயரத்தில், அதே ஆட்டோபைலட்டை ஜிபிஎஸ் டிராக் நிலைக்கு (ஜிபிஎஸ் காட்டும் பாதையைப் பின்பற்றும் நிலை) மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் இந்த நிலை காந்தமானியை நம்புவதில்லை. விமானம் நேராகப் பறந்தால் சர்வோ நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதிலும் நெளிந்தால், இணைப்புத் தண்டுகளின் தளர்வையும் ஆட்டோபைலட் எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற கெயின் அளவையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் விளக்கு சொல்லும் சாட்சியம் காந்தமானியைத்தான் காட்டுகிறது. புவிக்காந்தப் புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். அதிலும் கிடைமட்டப் பகுதி மட்டுமே திசையைத் தீர்மானிக்கிறது. 10 ஆம்பியர் ஓடும் ஒற்றை வயர், 10 சென்டிமீட்டர் தொலைவில் 20 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். விளக்குக்கு ஒரே வயரை இழுத்து, திரும்பும் மின்னோட்டத்தை உலோக உடல் வழியே விட்டிருந்தால் இதுதான் நடக்கும். திரும்பும் வயரையும் தனியே இழுத்து, இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கேலிபரேஷன் பலிக்காததற்கும் இதுவே காரணம். விமானத்தோடு சேர்ந்து திரும்பும், மாறாத காந்தத்தை மட்டுமே அது கணக்கில் கழிக்கும். சுவிட்சோடு வந்து போவதையும் விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கோடு நகர்வதையும் கழிக்க அதனால் முடியாது.

நெளிவுக்கு, எய்லரானை (விமானத்தை இடவலமாகச் சாய்க்கும் இறக்கைப் பலகை) அசைக்கும் எஃகுத் தண்டின் மேல்தான் என் சந்தேகம். அது காந்தமேறியிருந்தால், சர்வோ எய்லரானைத் திருப்பும்போதெல்லாம் தண்டும் காந்தமானி அருகே நகர்ந்து திசை அளவை மாற்றும். மாறிய அளவைத் திருத்த ஆட்டோபைலட் மறுபடியும் எய்லரானைத் திருப்பும். தன் நிழலைத் தானே துரத்தும் கதைதான்.

இதை உறுதிசெய்ய, ஹேங்கரின் எஃகுச் சட்டங்களையும் வாகனங்களையும் விட்டு விலகி, இன்ஜினை நிறுத்தி, கருவிகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். ஒருவர் ஸ்டிக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகர்த்தட்டும். மற்றவர் திரையைப் பார்த்துக் குறிக்கட்டும். பிறகு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். வேகத்தை அளக்க உதவும் குழாயைச் சூடாக்கும் பிட்டோ ஹீட்டரைச் சில நொடிகளுக்கு மேல் விட வேண்டாம், குழாய் கையைச் சுட்டுவிடும். எந்தச் சோதனையிலும் திரையில் திசை 2 பாகைக்கு மேல் அசைந்தால் நான் ஏற்கமாட்டேன்.

காந்தமானியைச் சுற்றியுள்ள திருகுகளையும் கழற்றி, தொலைவில் வைத்து ஒரு சிறு காந்தத்தால் சோதியுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. குளிர்நிலையில் உருவாக்கிய அவ்வகைத் திருகுகள் சில காந்தத்தில் லேசாக ஒட்டும். பித்தளைத் திருகில் அந்தக் கவலை இல்லை.

அசைவு நிற்காவிட்டால் காந்தமானியையே தண்டுக்கும் வயருக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். புதிய இடத்தில் அதன் சாய்வு, விமானத்தின் நிலையறியும் கருவியின் சாய்வோடு ஒத்திருக்க வேண்டும். புவிக்காந்தப் புலம் கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்ந்துள்ள பகுதிகளில் 1 பாகைப் பிசகு, திசையில் 1.7 பாகை வரை பிழையாகும். நான்காவது கேலிபரேஷனை அதன் பிறகு, வழக்கமாகப் பறக்கும்போது போட்டிருக்கும் சுவிட்சுகளைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள். அடுத்த சோதனைப் பறப்பில் ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் விரல் இருக்கட்டும்.