போக்கர்ல முதல் ஆளா பேசுற இடத்துல ஏஸ் ஜோடி வந்தா மறைச்சு ஆடலாமா?

மறைக்காதீங்க ப்ரோ, ரெய்ஸ் பண்ணுங்க, அதாவது பந்தயத்தை ஏத்துங்க. லாஸ்பேட்டைல வீட்டு ஆட்டம், பிளைண்ட் (சீட்டு பார்க்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடுற பணம்) 5-10, ஒன்பது பேர்னு சொல்றீங்க, அதுல பாதி பேர் ரம்மி ஆடி வந்தவங்களா இருப்பாங்க, கைக்கு வந்த சீட்டை கீழ போட மனசே வராது, நீங்க ஏத்தாம சும்மா அந்த 10 மட்டும் போட்டு கால் பண்ணா பின்னாடி அஞ்சு பேர் வரிசையா உள்ள வந்துடுவாங்க. ஏஸ் ஜோடி கண்ட சீட்டு வெச்சிருக்க ஒருத்தரை ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 85 சதவீதம், அதே அஞ்சு பேர் கடைசி வரைக்கும் நின்னா பாதிக்கும் கொஞ்சம் கீழ போயிடும். சராசரியா 221 கைக்கு ஒருவாட்டி வர்ற சீட்டு அது, வீணாக்கலாமா?

40, 50னு போடுங்க. பயப்படாதீங்க, ஒண்ணு ரெண்டு பேர் எப்படியும் கால் பண்ணுவாங்க (நம்ம ஊர் ஆளுங்க பார்க்காம விடமாட்டாங்க). கிங், குயின், ஜாக் ஜோடி, ஏஸ்-கிங், எல்லாத்துக்கும் இதேதான். ஆனா ஸ்பேடுல ஏஸ், டைமண்ட்ல ஜாக்னு வந்தா பேசாம மடிச்சிடுங்க, உங்களுக்கு அப்புறம் எட்டு பேர் பேச இருக்காங்க.

இன்னொண்ணு, ஃப்ளாப்புக்கு (மேசைல முதல்ல திறக்குற மூணு பொதுச் சீட்டு) அப்புறமும் பெட் பண்ணிட்டே இருங்க, ஆனா அதுவரை கம்முனு கால் பண்ணிட்டிருந்த ஆளு நாலாவது பொதுச் சீட்டுல திடீர்னு பெருசா ரெய்ஸ் பண்ணா, ஏஸ் ஜோடியானாலும் யோசிக்காம கீழ வைங்க, அவங்க பெரும்பாலும் பொய் ஆட்டம் ஆடமாட்டாங்க.