ஜாஸ் கேள்வி பதில்: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஜாஸ் பதிவுகள் பற்றியும், திறமை இருந்தும் பேர் கிடைக்காமல் போன கலைஞர்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ‘எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த பத்து’ கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்த வேலை எனக்கு ஒத்துவராது.

எல்லோரும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தேன் சார், தூங்கிவிட்டேன். கோளாறு என்னிடமா, அதனிடமா?

இருவரிடமும் இல்லை. மைல்ஸ் டேவிஸின் அந்த ஆல்பம் நிதானமானது. பின்னணியில் ஓடவிட்டால் யாருக்கும் கண் சொக்கும். அதனால் முதலிலிருந்து கேட்காதீர்கள். இரண்டாவதாக வரும் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ மட்டும் போடுங்கள். அது 12 பார் ப்ளூஸ். பார் என்பது ஒரு தாள அளவு. ஒரு பாருக்கு நான்கு அடி, பன்னிரண்டு பார் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த ஒரு சுற்றைத்தான் கோரஸ் என்கிறார்கள். விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். முதலில் வின்டன் கெல்லியின் பியானோ, அப்புறம் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட், அப்புறம் ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸஃபோன், அப்புறம் கேனன்பால் ஆடர்லியின் ஆல்ட்டோ சாக்ஸஃபோன். ஒரே வரியை வைத்து ஒவ்வொருவரும் நிரவல் செய்வது போலத்தான்: சட்டகம் மாறாது, அதற்குள் நிரப்புவது ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த ஆல்பத்தில் மற்ற எல்லாவற்றிலும் பியானோ பில் எவன்ஸ். இந்த ஒன்றில் மட்டும் கெல்லி. ஏன் என்பது அவர் வாசிக்க ஆரம்பித்ததுமே காதுக்குத் தெரிந்துவிடும். ப்ளூஸில் அப்படி ஒரு துள்ளல் எவன்ஸிடம் வராது.

அது பிடித்துப்போனால் அடுத்து சாக்ஸஃபோன் கலைஞர் ஹேங்க் மோப்ளியின் ‘சோல் ஸ்டேஷன்’ (1960). அங்கேயும் பியானோ கெல்லிதான். பாஸ் பால் சேம்பர்ஸ், அவரும் நீங்கள் முதலில் கேட்டவரே. டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. இப்படி ஒரு தட்டில் பிடித்தவரை அடுத்த தட்டில் தேடிப் போவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. தலைவர் பெயர் முன்னட்டையில் பெரிதாக இருக்கும். உங்களுக்கு வேண்டியவர் பின்னட்டையில் சின்ன எழுத்தில் இருப்பார்.

என்னிடம் உள்ள பழைய ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ எல்பியும் சிடியும் சுருதி ஒத்துப்போகவில்லை. டர்ன்டேபிளை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முதல் பக்கம் மட்டும்தானே ஒத்துப்போகவில்லை? அந்த மூன்று பாடல்களும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று டேப் இயந்திரம் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது எல்லாமே லேசாக மேலே ஏறிவிட்டது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் பல காலம் தங்கள் கருவியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அன்று கூடவே ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பை வைத்து 1990களில் சரிசெய்தார்கள். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு, அதில் பிரச்சினை கிடையாது.

கவனிக்கப்படாமல் போனவர்களில் ஒரே ஒருவரைச் சொல்லுங்கள் என்றால்?

டீனா ப்ரூக்ஸ். யோசிக்கவே வேண்டியதில்லை.

டெனர் சாக்ஸஃபோன் கலைஞர். இயற்பெயர் ஹெரால்ட் ஃப்ளாய்ட் ப்ரூக்ஸ். 1958 முதல் 1961 வரை ப்ளூ நோட் நிறுவனத்துக்காகத் தன் தலைமையில் நான்கு ஆல்பங்களுக்கான பதிவுகளைச் செய்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று, ‘ட்ரூ ப்ளூ’. ‘பேக் டு தி ட்ராக்ஸ்’ ஆல்பத்துக்கு வரிசை எண்ணும் அட்டையும் தயாராகி, அதற்குமேல் நகரவில்லை. 1961க்குப் பிறகு பதிவுகளே இல்லை. 1974இல், 42 வயதில் இறந்தார். மற்றவை தட்டாக வந்து சேர்ந்தது 1980களில்.

அவரை எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். 1960 ஜூன் 19 அன்று ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பம் ‘ஓப்பன் செசமி’ பதிவானது. அந்தத் தலைப்புப் பாடலை எழுதியது ப்ரூக்ஸ். ‘ஜிப்சி ப்ளூ’வும் அவருடையதே. ஆறே நாள் கழித்து ஜூன் 25 அன்று ‘ட்ரூ ப்ளூ’. இங்கே ப்ரூக்ஸ் தலைவர், ஹப்பர்ட் துணை. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஹப்பர்டுக்கு அப்போது 22 வயது, ஊரையே எழுப்பும் ஊது. ப்ரூக்ஸ் அவரோடு போட்டிக்குப் போக மாட்டார். சொல்ல வந்ததை நீளமான, வளைந்து போகும் ஒரே வாக்கியமாகச் சொல்லி, எதிர்பாராத இடத்தில் முடிப்பார். தொனியில் எப்போதும் லேசான ஒரு கரகரப்பு, அழுகைக்கும் பேச்சுக்கும் நடுவில். நம்பர் ஒன் ஆகும் ஆசை துளியும் இல்லாத வாசிப்பு. ஆல்பம் விற்க அது உதவாது என்பதும் உண்மைதான்.

துணையாகக் கேட்க வேண்டுமென்றால் பியானோ கலைஞர் ஃப்ரெடி ரெட்டின் ‘ஷேட்ஸ் ஆஃப் ரெட்’. அதில் ஜாக்கி மெக்லீனின் ஆல்ட்டோ எலுமிச்சை பிழிந்த மாதிரி சுள்ளென்று வரும், பக்கத்திலேயே ப்ரூக்ஸ்.

மன்னிக்கவும், உடன்பாடு இல்லை. வெளியிடாமல் வைத்தார்கள் என்றால் தரம் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படியென்றால் கிடார் கலைஞர் க்ரான்ட் க்ரீனின் ‘சாலிட்’டைக் கேட்டுவிட்டு வாருங்கள். 1964இல் பதிவு, ஜோ ஹெண்டர்சன், மெக்காய் டைனர், எல்வின் ஜோன்ஸ் எல்லோரும் உண்டு. 1979 வரை அலமாரியில் கிடந்தது. தரமா போதவில்லை? ப்ளூ நோட் தான் வெளியிடக்கூடியதைவிட அதிகமாகப் பதிவு செய்துகொண்டே இருந்த கம்பெனி. எது விற்கும், எதற்கு இப்போது இடம் இருக்கிறது, கலைஞர் மேடையில் தொடர்ந்து வாசிக்கும் நிலையில் இருக்கிறாரா என்று பல கணக்குகள். ப்ரூக்ஸுக்குப் போதைப் பழக்கமும் உடல்நலக் கேடும் இருந்தன. சுற்றுப்பயணம் போய்த் தன் தட்டைத் தானே விற்கும் நிலையில் அவர் இல்லை. காது வைத்து எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன்.

ஹெர்பி நிக்கல்ஸ் என்று ஒருவர் மங்கின் நகல் என்று படித்தேன். கேட்கத் தகுமா?

நகல் என்று எழுதியவர் நிக்கல்ஸை ஒரு பாட்டு கேட்டுவிட்டு எழுதியிருப்பார். இருவரும் பியானோ கலைஞர்கள். தெலோனியஸ் மங்க் இடைவெளி விட்டு அடிப்பார். நிக்கல்ஸ் டிரம்ஸோடு பேசுவார். தன் பாடல்களிலேயே டிரம்ஸ் நுழைவதற்கு இடம் விட்டு எழுதியவர் அவர். 1955, 56இல் ப்ளூ நோட்டுக்காக மூவர் குழுவாகப் பதிவு செய்தார். சிலவற்றில் பிளேக்கி, சிலவற்றில் மேக்ஸ் ரோச். ரோச் இருப்பவற்றை முதலில் எடுங்கள். அவர் டிரம்ஸிலேயே மெட்டைத் திருப்பிச் சொல்வதைக் கேட்கலாம்.

பில்லி ஹாலிடேயின் ‘லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்’ தெரியுமல்லவா? மெட்டு நிக்கல்ஸுடையது, வரிகள் ஹாலிடேயுடையவை. பாட்டு உலகமெல்லாம் போனது. மெட்டுப் போட்டவர் பிழைப்புக்காகப் பழைய பாணி டிக்ஸிலேண்ட் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 1963இல், 44 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

ஜாஸில் பெண்கள் என்றாலே பாடகிகள்தானா அண்ணா? கருவி வாசித்தவர்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள் தங்கச்சி, நிறையவே. மேரி லூ வில்லியம்ஸிடமிருந்து தொடங்குங்கள். 1930களில் ஆண்டி கர்க் குழுவின் பியானோவும் அவர்தான், பெரும்பாலான இசையமைப்பும் அவர்தான். 1945இல் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொன்றாக ‘ஸோடியாக் சூட்’ எழுதினார். மங்க், பட் பவல் போன்ற இளைஞர்கள் அவருடைய ஹார்லெம் வீட்டுக்கு வந்து பியானோ முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஜாஸில் ஒவ்வொரு பத்தாண்டு பாணி மாறியபோதும் தானும் மாறி வாசித்தவர் என்று சொல்ல எனக்கு வேறு பெயர் சட்டென்று வரவில்லை.

மெல்பா லிஸ்டன் டிராம்போன் கலைஞர், ஆனால் அவருடைய பெரிய வேலை பின்னட்டையில் இருக்கிறது. பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் ‘லிட்டில் நைல்ஸ்’, ‘உஹுரு ஆஃப்ரிக்கா’ இரண்டிலும் வாத்திய ஏற்பாடு அவருடையது. வெஸ்டனின் பெயரைச் சொல்கிற பாதிப் பேர் உண்மையில் லிஸ்டனின் காதைத்தான் பாராட்டுகிறார்கள்.

டாரத்தி ஆஷ்பி பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அவர் வாசித்தது ஹார்ப். பியானோவில் கறுப்புக் கட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஹார்ப்பில் அது கிடையாது. கீழே ஏழு பெடல்கள், ஒரு ஸ்வரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். அரை ஸ்வரம் ஏற வேண்டுமென்றால் காலால் பெடலை நகர்த்த வேண்டும். பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பல இடங்களில் இரண்டு அடிக்கு ஒருமுறை மாறும். அதாவது கை சோலோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே கால் அடுத்த கார்டைத் தயார் செய்துகொண்டிருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு ‘இன் எ மைனர் க்ரூவ்’ (1958) கேளுங்கள். ஃப்ராங்க் வெஸ்ஸின் புல்லாங்குழல், ராய் ஹெய்ன்ஸின் டிரம்ஸ், நடுவில் இவர் ஒரு கிடாரிஸ்ட் மாதிரி ஒற்றை ஒற்றை ஸ்வரமாக ஸ்விங் செய்கிறார். ஹார்ப் என்றதும் நினைவுக்கு வரும் அந்தச் சொர்க்கவாசல் சத்தம் துளியும் இல்லை. 1968இல் வந்த ‘ஆஃப்ரோ ஹார்ப்பிங்’ இன்று அதிகம் பேசப்படுகிறது. ஹிப்ஹாப்காரர்கள் அதிலிருந்து எடுத்துக் கையாண்டதும் ஒரு காரணம். நல்ல தட்டுதான். என் ஓட்டு 1958க்கே.

முதல் அச்சுத் தட்டு வாங்க ஆசை. மறுபதிப்பு அவ்வளவு மட்டமா?

இல்லவே இல்லை. ஒரிஜினல் டேப்பிலிருந்து கவனமாகச் செய்த மறுபதிப்பு, கீறல் விழுந்த முதல் அச்சைவிட எவ்வளவோ மேல். சேகரிப்பது உங்கள் ஆசை என்றால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ‘ஆர்விஜி’ என்று பொறித்திருந்தால் அந்தத் தட்டுக்கான மூல அச்சை வெட்டியது ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதனை, மற்ற நேரத்தில் நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு என்று இருந்த மனிதர். 1959இல்தான் தனி ஸ்டூடியோவுக்குப் போனார். ட்ரம்பெட்டையும் சாக்ஸையும் அவர் பிடித்த அளவுக்கு யாரும் பிடித்ததில்லை. பியானோ மட்டும் பெட்டிக்குள் வைத்து வாசித்த மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும்.

எலிங்டனின் 1956 நியூபோர்ட் தட்டு போலி என்கிறார்களே?

பாதி உண்மை. நியூபோர்ட் ஜாஸ் விழா அன்று ட்யூக் எலிங்டன் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பால் கோன்சால்வஸ் 27 கோரஸ் இடைவிடாமல் வாசித்தார். ப்ளூஸ் கணக்கில் 324 பார். கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. அது முழுக்க நிஜம். கோளாறு என்னவென்றால், அவர் தட்டுக் கம்பெனியின் மைக்கில் வாசிக்காமல் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். அதனால் பழைய எல்பியில் அவர் எங்கோ தூரத்தில் கேட்பார். தட்டில் இருந்த மற்றவற்றில் கணிசமானதை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டினார்கள். பிற்பாடு வானொலி டேப் கிடைத்தது. இரண்டையும் இணைத்து 1999இல் வெளியிட்ட பதிப்பை வாங்குங்கள்.

க்ளிஃபர்ட் பிரவுனுக்குப் பிறகு ட்ரம்பெட்டில் யார்?

புக்கர் லிட்டில். 23 வயதில் போய்விட்டார். 1961 ஜூலை 16 அன்று எரிக் டால்ஃபியோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்தது பதிவாகியிருக்கிறது. பியானோ சுருதி விலகி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு அக்டோபரில் மரணம். ஸ்டூடியோவில் ‘அவுட் ஃப்ரன்ட்’. வேண்டுமென்றே உரசும் ஸ்வரங்களைச் சேர்த்து, அதிலிருந்து சோகத்தை எடுப்பார். பிரவுனிடம் இருந்த வெயில் இவரிடம் கிடையாது.

லைவ் பதிவுகளில் கூட்டத்தின் சத்தம் எரிச்சலாக இருக்கிறது. பில் எவன்ஸ் வாசிக்கும்போது யாரோ சிரிக்கிறார்கள்!

1961 ஜூன் 25, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப். அந்தச் சிரிப்பும் கிளாஸ் உரசலும் எனக்கு இடைஞ்சல் இல்லை. முன்வரிசையில் யாரோ கதை பேசிக்கொண்டிருக்க, இவர்கள் மூவரும் அதைக் கண்டுகொள்ளாமல் இவ்வளவு மெல்லிய வேலை பார்த்திருக்கிறார்கள் என்பதே வியப்பு. அடுத்த முறை ஸ்காட் லஃபாரோவின் பாஸை மட்டும் பின்தொடருங்கள். தாளம் காட்டும் வேலையை விட்டுவிட்டு பியானோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போவார். பதினோரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்தார், வயது 25. போன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது, ஹெட்ஃபோன் கட்டாயம்.

கடைசியாக ஒன்று. ஃப்ரீ ஜாஸ் பிடிக்கவில்லை என்றால் நான் ரசிகன் இல்லையா?

யார் சொன்னது? முன்கூட்டிய கார்டு வரிசைக்குக் கட்டுப்படாமல் வாசிக்கும் அந்தப் பாணி பிடிக்காவிட்டால் விடுங்கள். ஆனால் சத்தம் மட்டுமே என்று நினைத்து ஒதுக்கியிருந்தால் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘லோன்லி வுமன்’ (1959) ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பியானோ இல்லை, டிரம்ஸ் ஓடுகிறது, மெட்டு அதன் மேல் அவசரமே இல்லாமல் நகர்கிறது. அதில் பாஸ் வாசிப்பவர் சார்லி ஹேடன். அவரைப் பிடித்துக்கொண்டால் அடுத்த தட்டு தானாக வந்துவிடும்.