முகவரி இல்லாத நான்கு கடிதங்கள்

கேள்வி: மாற்கு உரோமருக்கு, மத்தேயு யூதருக்கு, லூக்கா பிற இனத்தாருக்கு எழுதினார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நற்செய்தி நூல்களில் அப்படி எதுவும் எழுதியில்லையே. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகி, மாங்குளம்

பதில்: தங்கச்சி, எழுதியவர் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் விடுகிறார் என்று பாருங்கள். அதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

2010இல் முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் திரும்பி வந்ததும் இரண்டு கடிதம் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அக்காவுக்கு, 'பங்கருக்குள் (போர்க்காலப் பதுங்குகுழிக்குள்) வெள்ளம் நின்றது' என்று ஒரே வரி. கனடாவில் பிறந்த மருமகளுக்கோ, பங்கர் என்றால் என்ன, பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்து எப்படி மூடுவது என்று அரைப்பக்கம் போனது. பெயரை அழித்துவிட்டுத் தந்தாலும் எது யாருக்கு என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுங்கள். யூதர்கள் கை கழுவாமல் உண்பதில்லை, கிண்ணங்களையும் செம்புகளையும் கழுவுவார்கள் என்று கதையை நிறுத்தி விளக்குகிறார். யூத வீட்டில் வளர்ந்தவருக்கு இது எதற்கு? மத்தேயு 15இல் அதே சம்பவம் வருகிறது, அந்த விளக்கம் இல்லை. 'தலித்தா கூம்', 'எப்பத்தா' என்று இயேசு தம் தாய்மொழியான அரமேயத்தில் சொன்ன சொற்களுக்கும் மாற்கு கையோடு பொருள் சொல்லிவிடுகிறார். ஏழைக் கைம்பெண் கோவில் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு சிறு காசுக்கு உரோம நாணயத்தில் கணக்குச் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது கூரை விஷயம். முடக்குவாதக்காரரை இயேசு இருந்த வீட்டுக்குள் இறக்கக் கூரையைத் 'தோண்டினார்கள்' என்ற பொருளில் மாற்கு எழுதுகிறார். கிடுகு வீட்டில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் அது விளங்கவேயில்லை. கிடுகைப் பிரிக்கலாம், எப்படித் தோண்டுவது? பலஸ்தீன வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியிருப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். லூக்கா 5:19இல் அதே ஆட்கள் ஓடுகளின் வழியாக இறக்குகிறார்கள்! ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பழகிய நகரத்து ஆட்களுக்கு விளங்கட்டும் என்று லூக்கா மாற்றினார் என்றே நினைக்கிறேன். கேட்பவரின் வீட்டுக் கூரையைக்கூட யோசித்த அந்த அக்கறை என் மனதைத் தொடுகிறது.

இன்னொன்று. இயேசுவின் சிலுவையைச் சுமந்த சிரேன் ஊர் சீமோனை, 'அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை' என்கிறார் மாற்கு (15:21). அந்த மகன்மார் வேறெங்கும் அவர் நூலில் வருவதில்லை. 'எங்கட ரூபுவின் அப்பாவா!' என்று கேட்பவர்கள் நிமிர்ந்திருப்பார்கள். மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பெயர்களை விட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஆட்களுக்கு அந்த மகன்மாரைத் தெரியாது போலும்.

ஆனால், 'இவருக்கு இது' என்று பூட்டுப் போட வேண்டாம். ஒவ்வொரு நற்செய்தியும் ஒரு தனிச் சபைக்கு என்ற எண்ணத்தை ரிச்சர்ட் பாக்கம் என்ற ஆங்கிலேய அறிஞர் 1998இல் வலுவாக மறுத்தார். அக்காலச் சபைகளுக்குள் ஆட்களும் கடிதங்களும் ஓயாமல் போய்வந்தன, எல்லாச் சபைகளையும் நினைத்தே எழுதினார்கள் என்பது அவர் வாதம். மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் நூலைக் கையில் வைத்தே எழுதினார்கள் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அப்படியென்றால் மாற்கு சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பல ஊர் போய்விட்டது. முதலில் கேட்டவர்களின் முகம் எழுதியவர் மனதில் இருந்திருக்கும், ஆனால் அவர்களோடு நிற்கட்டும் என்று அவர் எழுதவில்லை என்பதே என் எண்ணம். மருமகளுக்குப் போன கடிதத்தை அவளுடைய சிநேகிதிகளும் வாசித்தார்களாம். எனக்கு அது சந்தோஷம்தான்.

கேள்வி: லூக்கா பெயர் சொல்லி எழுதும் தெயோப்பில் உண்மையான ஆளா?
– வாசகர், மல்லாவி

பதில்: 'கடவுளின் அன்பர்' என்பது அந்தப் பெயரின் பொருள். அதனால், கடவுளை நேசிக்கும் எவரையும் அது குறிக்கும் என்பார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தம்பி. லூக்கா அவரை 'மாண்புமிகு' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லால் அழைக்கிறார். லூக்காவின் இன்னொரு நூலான திருத்தூதர் பணிகளில் அதே சொல் ஆளுநர்களான பெலிக்சுக்கும் பெஸ்துக்கும் வருகிறது. பெரிய இடத்து மனிதர் ஒருவர் அந்தச் சுருளை உண்மையாகவே கையில் வாங்கியிருக்கிறார் என்றுதான் நம்புகிறேன்.